பாதியில் இறக்கப்பட்டவர்கள்

2011 ஜூன் 26 அன்று ஸ்பெயினின் வலென்சியா துறைமுகத்தை ஒட்டிய தெருச்சுற்றில் ஐரோப்பிய கிராண்ட் ப்ரீ நடந்தது. 24 கார்கள் கிளம்பின, 24 கார்களும் முடித்தன. இன்ஜின் வெடிக்கவில்லை, யாரும் சுவரில் போய் மோதவில்லை. ஃபார்முலா 1 வரலாற்றில் அதுவரை ஒரு பந்தயத்தை அத்தனை கார்கள் முடித்ததில்லை. அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் நம்ம கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். அவருக்கு முன்னால் யாரும் 24ஆவதாக வந்ததே கிடையாது. சாதனைதான். ஆனால் எந்த ஓட்டுநரும் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்க்க விரும்பாத சாதனை.

அடுத்த பந்தயம் ஜூலை 10, சில்வர்ஸ்டோன். நரேன் உட்கார வேண்டிய ஹிஸ்பானியா காரில் டேனியல் ரிக்கார்டோ என்ற 22 வயது ஆஸ்திரேலியப் பையன் உட்கார்ந்திருந்தான். ரெட்புல் வளர்த்த பையன். சீசன் பாதிகூட முடியவில்லை.

அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால் இதே அணியில் சென்னைக்காரர் கருண் சந்தோக்குக்கும் இதேதான் நடந்தது. இதுவரை ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், இரண்டு பேரும் ஒரே அணியால் சீசன் நடுவில் இறக்கப்பட்டவர்கள். தடுமாறுகிற ஓட்டுநரைப் பாதியில் மாற்றலாமா என்று உலகம் முழுக்க ரசிகர்கள் வருடா வருடம் சண்டை போடுகிறார்கள். நமக்கு அந்தக் கேள்வியை யோசிக்க இந்த இரண்டு பேரின் கதை போதும்.

*

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடலாம். கருண் சந்தோக் 2010இல் திடீரென்று முளைத்தவர் இல்லை. அவருடைய தாத்தா இந்து சந்தோக், 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதில் பந்தயம் நடத்தினார்கள். பல வருடங்கள் இந்தியாவின் கார் பந்தயத் தலைநகர் சோழவரம்தான். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்று சொந்தமாக ஒரு சுற்று வந்தது. கருணின் அப்பா விக்கி சந்தோக்கும் ரேலி ஓட்டியவர்.

நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ரேலி சாம்பியன். கோவையில் எஸ். கரிவர்தன் என்ற மனிதர் மாருதி 800 இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே ஒற்றை இருக்கைப் பந்தய கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 1995இல் அவர் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் நிற்கிறது. நரேன் அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டி வளர்ந்தவர். 1992இல் பிரான்சின் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் போனார். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்தான். 2005இல் ஜோர்டான் அணிக்காக மெல்போர்னில் முதல் ஃபார்முலா 1 பந்தயம்.

பிரான்ஸ் என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. தவளக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். நாங்கள் "கிராண்ட் பிரிக்ஸ்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "பிரிக்ஸ் என்னடா பிரிக்ஸ், ப்ரீன்னு சொல்லு. பெரிய பரிசுன்னு அர்த்தம்" என்பார். 1906இல் லெ மானில் அந்தப் பெயரில் முதல் பந்தயத்தை நடத்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். பெயரிலேயே பரிசு இருக்கிறது, பரிசு என்றால் பணம். இந்த விளையாட்டில் பணம் எங்கே முடிந்து திறமை எங்கே தொடங்குகிறது என்பது 1906இலிருந்தே தெளிவாக இல்லை.

*

கருணின் 2010 சீசனைப் பார்க்கலாம்.

ஹிஸ்பானியா, சுருக்கமாக எச்.ஆர்.டி., அந்த வருடம் புதிதாக வந்த அணி. சீசன் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்புதான் உரிமையாளரே மாறினார். காரை அணி செய்யவில்லை, இத்தாலியின் டல்லாரா கம்பெனியிடம் கொடுத்துச் செய்து வாங்கியது. பரிசோதனை ஓட்டம் எதுவும் நடக்கவில்லை. பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை பயிற்சிக்குக் கருணின் கார் தயாராகவில்லை. சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கும் தயாராகவில்லை. தன் காரை அவர் முதன்முதலாக நகர்த்தியதே தகுதிச்சுற்றில்தான். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் இரண்டாவது சுற்றில் கார் தடம் விட்டுப் போய் மோதி நின்றது.

இதைச் சும்மா படித்துக் கடந்துவிடக் கூடாது. மணிக்கு 300 கிலோமீட்டர் போகிற வண்டி. அதில் பிரேக் எவ்வளவு மிதித்தால் சக்கரம் பூட்டும், ஸ்டியரிங் எவ்வளவு திருப்பினால் பின்பக்கம் வழுக்கும் என்பதையெல்லாம் ஓட்டுநர் உடம்பால் கற்கவேண்டும். அதற்குச் சுற்றுகள் தேவை, நூற்றுக்கணக்கில். கருணுக்குக் கிடைத்தது கைவிரலில் எண்ணுகிற அளவு.

அப்படியும் இரண்டாவது பந்தயமான ஆஸ்திரேலியாவில் 14ஆவது இடம், மலேசியாவில் 15, மொனாக்கோவில் மறுபடி 14. மொனாக்கோவில் கடைசிச் சுற்றுகளில் யார்னோ ட்ருல்லியின் லோட்டஸ் இவருடைய காரின் மேலேயே ஏறிப் போனது. தலைக்கு மிக அருகே சக்கரம். காயமில்லாமல் வெளியே வந்தார். பந்தயம் முடியும் தறுவாயில் நடந்ததால் 14ஆவது இடம் கணக்கில் நின்றது.

ஜூலையில் சில்வர்ஸ்டோனில் அணி புரூனோ சென்னாவை உட்கார வைத்துவிட்டு ஜப்பானின் சகோன் யமமோட்டோவை ஓட்ட விட்டது. அடுத்த பந்தயம் ஜெர்மனி. இந்த முறை சென்னா திரும்பி வந்தார், கருண் வெளியே. பத்து பந்தயங்களோடு அவருடைய சீசன் முடிந்துபோனது. யமமோட்டோ கொண்டுவந்த ஸ்பான்சர் பணத்தைப் பற்றி அன்றைக்கே பத்திரிகைகள் எழுதின.

சீசன் கடைசியில் என்ன ஆனது? அணிகளின் பட்டியலில் எச்.ஆர்.டி. 11ஆம் இடம், வர்ஜின் அணி 12ஆம் இடம். இரண்டுக்குமே புள்ளி பூஜ்யம். சமநிலை வந்தால் யாருடைய சிறந்த இடம் மேலானது, அது எத்தனை முறை வந்தது என்று பார்ப்பார்கள். இரண்டு அணிகளுக்கும் சிறந்தது 14ஆம் இடம். வர்ஜினுக்கு அது இரண்டு முறை வந்தது, எச்.ஆர்.டி.க்கு மூன்று முறை. அந்த மூன்றில் இரண்டு கருண் கொண்டுவந்தவை. மூன்றாவது, கொரியாவில் சென்னா கொண்டுவந்தது. யமமோட்டோ எட்டிய உச்சம் அதே கொரியாவில் 15ஆம் இடம். அணி எந்த இரண்டு பேரை மாற்றி மாற்றி இறக்கியதோ, அந்த இரண்டு பேர்தான் அணியைக் கடைசி இடத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

*

நரேன் விஷயம் இதைவிடச் சிக்கல். ஏனென்றால் அவர் நிஜமாகவே தடுமாறிக்கொண்டிருந்தார்.

2005இல் அவர் பெயர் ஒரு தடவை உச்சத்துக்குப் போனது. இண்டியானாபோலிஸில் மிஷ்லின் டயர் போட்ட 14 கார்கள் பாதுகாப்பு காரணமாக அறிமுகச் சுற்றோடு ஒதுங்கிவிட, ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது, ஐந்து புள்ளிகள். ஒரு இந்தியர் எடுத்த முதல் ஃபார்முலா 1 புள்ளிகள். "ஆறு பேர்ல நாலாவதா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கலாம். ஆனால் மீதி 14 பேரைப் போகச் சொன்னது அவர் இல்லை. அவர் செய்யவேண்டியது ஓட்டி முடிப்பது, அதைச் செய்தார்.

அப்புறம் ஐந்து வருடங்களுக்கு மேல் அவருக்கு ஃபார்முலா 1 பந்தய இருக்கை இல்லை. 2011இல், 34 வயதில், டாடா ஆதரவோடு எச்.ஆர்.டி.யில் நுழைந்தார். அணித் தலைவர் காலின் கோல்லெஸ். 2005இல் ஜோர்டான் நிர்வாகத்திலும் இருந்த அதே ஆள். இந்த முறையும் கார் பரிசோதனை ஓட்டமே பார்க்காமல் மெல்போர்னுக்கு வந்தது. அந்த வருடம்தான் 107 சதவீத விதி திரும்ப வந்திருந்தது. தகுதிச்சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமாகப் போனவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராவிட்டால் பந்தயத்தில் இடமில்லை. மெல்போர்னில் எச்.ஆர்.டி.யின் இரண்டு கார்களும் உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் டிவியில் பந்தயம் பார்த்தார்கள்.

அணித்தோழர் விட்டான்டோனியோ லியூட்ஸி தகுதிச்சுற்றுகளில் பெரும்பாலும் நரேனுக்கு முன்னால் இருந்தார். கனடாவில் மழை கொட்டிய பந்தயத்தில் லியூட்ஸி 13, நரேன் 17. பிறகு வலென்சியா, 24. அதே கார், அதே தடம், இன்னொருவர் வேகமாகப் போகிறார் என்றால் மாற்றத்தானே வேண்டும்?

என் வேலை சாஃப்ட்வேர் என்பதால் இந்த "அதே" என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் கை நிற்கும். இரண்டு வடிவங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் தினசரிப் பிழைப்பு. ஒப்பிடும்போது ஒரே ஒரு விஷயம்தான் மாறவேண்டும், மற்றது எல்லாம் அசையாமல் இருக்கவேண்டும். ஃபார்முலா 1இல் அது நடக்கவே நடக்காது. புது உதிரிபாகம் ஒரு செட் மட்டும் வந்தால் அது யாருக்குப் போகும்? தகுதிச்சுற்றில் காலியான தடத்தில் யாரை அனுப்புவார்கள்? பணமில்லாத அணியில் இந்த வித்தியாசங்கள் இன்னும் பெரிசு. அதற்காக நரேன் வேகமாக ஓட்டினார் என்று நான் சொல்லவில்லை. ஏழெட்டு வார இறுதிகளை வைத்துக்கொண்டு ஓட்டுநர் எவ்வளவு, கார் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்கிறேன், அவ்வளவுதான்.

ரிக்கார்டோ வந்தார். சில்வர்ஸ்டோனில் தகுதிச்சுற்றில் கடைசி, பந்தயத்தில் 19. காரை மாற்றாமல் ஆளை மாற்றினால் பட்டியலில் என்ன மாறும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் அங்கே நோக்கம் அது இல்லை. ரெட்புல்லுக்குத் தன் பையனைப் பழக்க ஒரு இருக்கை தேவைப்பட்டது, எச்.ஆர்.டி.க்குப் பணம் தேவைப்பட்டது. நரேனின் தடுமாற்றம் இரண்டு பேருக்கும் கையில் கிடைத்த வசதியான காரணம்.

2011 அக்டோபர் 30, நொய்டா அருகே புத் சர்க்யூட்டில் முதல் இந்திய கிராண்ட் ப்ரீ. அந்த ஒரு பந்தயத்துக்கு லியூட்ஸியை ஓரம் கட்டிவிட்டு நரேனை அழைத்தார்கள். நாலு மாதம் பந்தயமே ஓட்டாத மனிதர், நாலு மாதமாக அந்தக் காரிலேயே இருக்கும் ரிக்கார்டோ. முடிவு: நரேன் 17, ரிக்கார்டோ 18.

எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் அன்று ஒருவன் கேட்டான், "அப்ப எதுக்கு மச்சி இவரத் தூக்குனாங்க?" ஒரு பந்தயத்தை வைத்து நரேன்தான் மேல் என்று சொல்வதும் வலென்சியாவை வைத்து அவரைத் தள்ளுவதும் ஒரே தப்புதான். ஆனாலும் அவன் கேள்வி நியாயமான கேள்வி.

அதே வருடம் கருணுக்கும் ஒரு பந்தயம் கிடைத்தது. ஜூலையில் ஜெர்மனியில், ட்ருல்லிக்குப் பதிலாக லோட்டஸ் காரில். 20ஆவதாக, நாலு சுற்று பின்தங்கி முடித்தார். அடுத்த பந்தயத்தில் ட்ருல்லி திரும்பிவிட்டார். சொந்த நாட்டு கிராண்ட் ப்ரீயிலாவது இருக்கை கிடைக்கும் என்று கருண் எதிர்பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமைப் பயிற்சியோடு சரி. அதன் பிறகு அவருக்கு ஃபார்முலா 1 பந்தயமே இல்லை.

*

சின்ன அணி, பணக்கஷ்டம், அதான் இப்படி என்று நினைக்கலாம். பெரிய அணிகளைப் பாருங்கள்.

2009இல் ஃபெராரியின் ஃபெலிப்பே மாசா ஹங்கேரியில் தலையில் அடிபட்டு வெளியே போனார். பத்து வருடமாகப் பந்தயமே ஓட்டாத பரிசோதனை ஓட்டுநர் லூக்கா படோயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பந்தயங்களிலும் தகுதிச்சுற்றில் கடைசி. உடனே அவரைத் தூக்கிவிட்டு ஜியான்கார்லோ ஃபிசிகெல்லாவைக் கொண்டுவந்தார்கள். ஃபிசிகெல்லா அப்போதுதான் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவுக்காக பெல்ஜியத்தில் இரண்டாவதாக வந்து அணிக்கு முதல் மேடையைக் கொடுத்திருந்தார். ஃபெராரிக்குப் போய் ஐந்து பந்தயம் ஓட்டினார், ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே வாரத்தில் அவருக்கு ஓட்டத் தெரியாமல் போய்விடுமா? அந்த வருடம்தான் சீசன் நடுவே பரிசோதனை ஓட்டங்களுக்குத் தடை வந்திருந்தது. புதிதாக வருகிறவர் காரைப் பழகுவதும் பந்தயத்திலேயேதான், உலகமே பார்க்க.

மாற்றியது பலித்த கதையும் இருக்கிறது. 2016இல் ரெட்புல், டேனியல் க்வியாட்டை நாலு பந்தயத்தோடு இறக்கி 18 வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பனை ஏற்றியது. அவர் ஸ்பெயினில் முதல் பந்தயத்தையே வென்றார். "பாத்தியா, மாத்துனா இப்படித்தான்" என்பதற்கு இன்றுவரை எல்லோரும் காட்டுகிற உதாரணம். ஆனால் அன்று இரண்டு மெர்சிடிஸ் கார்களும் முதல் சுற்றிலேயே ஒன்றோடு ஒன்று மோதி வெளியே போயின என்பதையும், ஏறி உட்கார்ந்தது வெர்ஸ்டாப்பன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அப்படி ஒருவர் எப்போதாவதுதான் கிடைப்பார்.

அந்த வெற்றியின் ருசி ரெட்புல்லை விடவில்லை என்று தோன்றுகிறது. 2019இல் பியர் காஸ்லியை 12 பந்தயத்தோடு கீழே டோரோ ரோஸோவுக்கு அனுப்பி அலெக்ஸ் அல்பானை ஏற்றினார்கள். காஸ்லி அந்தச் சின்ன அணியின் காரிலேயே அதே வருடம் பிரேசிலில் இரண்டாவதாக வந்தார், அடுத்த வருடம் மான்சாவில் ஜெயித்தார். அல்பான் 2020 முடிவில் இருக்கையை இழந்தார். 2025இல் லியம் லாசனை இரண்டே பந்தயத்தில் இறக்கி யூகி சுனோடாவை ஏற்றினார்கள். சுனோடாவும் தேறவில்லை. அணிப் பட்டியலில் ரெட்புல் மூன்றாம் இடத்தில் முடித்தது, வெர்ஸ்டாப்பன் இரண்டு புள்ளியில் பட்டத்தை விட்டார். அந்த இரண்டாவது காரில் யார் உட்கார்ந்தாலும் தடுமாறுகிறார்கள் என்றால் காரைத்தானே பார்க்கவேண்டும்? ஆளை மாற்றுவது ஒரு போன் காலில் முடிகிற வேலை, காரை மாற்ற ஒரு வருடம் ஆகும். அதனால்தான் ஆளை மாற்றுகிறார்கள்.

இந்த லாசன் யாருடைய இடத்துக்கு வந்தவர் தெரியுமா? 2024 சிங்கப்பூர் பந்தயத்தோடு ரெட்புல்லின் இரண்டாவது அணி டேனியல் ரிக்கார்டோவை இறக்கியது. அந்த இடத்துக்கு வந்தவர் லாசன். 2011இல் நரேனின் இருக்கையில் உட்கார்ந்த அந்தப் பையன், எட்டு பந்தயம் வென்று, 35 வயதில், அவனைப் போலவே இன்னொரு ரெட்புல் பையனுக்காக இறக்கப்பட்டான். கடைசிப் பந்தயத்தின் அதிவேகச் சுற்று அவனுடையது. ரிக்கார்டோவே அந்த இருக்கைக்கு 2023இல் நிக் டி வ்ரீஸைப் பாதியில் இறக்கித்தான் வந்தார்.

*

சரி, அப்ப மாத்தவே கூடாதா?

மாற்றலாம். ஓட்டுநர் உடம்பு சரியில்லாமல், தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாக ஓட்டினால் மாற்றியே ஆகவேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமார் தன் அணியின் முதன்மைக் காரிலிருந்து தானே விலகினார். பயிற்சியில் பெரிய விபத்து நடந்திருந்தது. அணிக்கு எது நல்லது என்று பார்த்து எடுத்த முடிவு என்றார்கள். அந்தக் கார் அதன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அவர் வேறொரு காரில் ஓட்டினார். தொடர்பந்தயத்தில் ஒரே காரை மூன்று நாலு பேர் பங்கிட்டு ஓட்டுவார்கள், அதனால் இது சுலபம் என்பது உண்மை. அணியின் சொந்தக்காரரும் அவரே. இருந்தாலும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிச் செய்த மாற்றம் எப்படி இருக்கும் என்று அது காட்டுகிறது.

வேகம் குறைவு என்பதற்காக மாற்றுவதாக இருந்தால் மூன்று கேள்விகளுக்கு அணி பதில் சொல்லவேண்டும் என்பேன். இறக்கப்படுகிறவருக்குப் பழகிய காரும் போதுமான சுற்றுகளும் கிடைத்தனவா? வருகிறவருக்குக் கிடைக்குமா? வருகிறவர் பணமே கொண்டுவராவிட்டாலும் இதே முடிவை எடுப்பீர்களா? கருண் விஷயத்தில் முதல் கேள்விக்கே பதில் "இல்லை". நரேன் விஷயத்தில் மூன்றாவதில் அணி மாட்டிக்கொள்ளும்.

பணம் கொடுத்து உள்ளே வந்தவர் பணத்தாலேயே வெளியே போவதில் என்ன அநியாயம் என்று கேட்கலாம். நரேனுக்குப் பின்னால் டாடா இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அப்படியென்றால் அதையே சொல்லட்டுமே. "இன்னொருத்தர் அதிகம் கொடுக்கிறார்" என்று சொன்னால் அது வியாபாரம், முடிந்தது. "இவருக்கு வேகம் போதவில்லை" என்ற பேச்சைக் கூடவே உலவவிட்டால் அது ஒரு மனிதரின் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. நாடு மொத்தத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பிரிட்டிஷ் ஓட்டுநர் தோற்றால் அவர் தோற்றார் என்பார்கள். ஒரு இந்திய ஓட்டுநர் தோற்றால் இந்தியாவுக்கு இது சரிப்படாது என்பார்கள். அடுத்த பையன் ஸ்பான்சர் தேடிப் போகும்போது அந்த வாக்கியம் அவனுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

நரேன் 2012இல் அதே எச்.ஆர்.டி.க்குத் திரும்பி முழு சீசன் ஓட்டினார். மொனாக்கோவில் 15ஆவதாக வந்தார். வருடக் கடைசியில் அணி இழுத்து மூடப்பட்டது. பிறகு ஜப்பான் போய் வருடக்கணக்கில் ஓட்டினார். 2019 நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் சேர்ந்து மோதிய பந்தயத்தில், 42 வயதில் ஜெயித்தார். வலென்சியாவில் 24ஆவதாக வந்தவரும் அவர்தான். கருண் இன்று தொலைக்காட்சியில் ஃபார்முலா 1ஐ உலகத்துக்கு விளக்கிச் சொல்கிறார். ஓட்டுநர் தப்பு செய்தால் அது ஏன் நடந்தது என்று தடத்தின் சரிவையும் டயரின் சூட்டையும் வைத்துச் சொல்வார். "இவனைத் தூக்குங்க" என்பதில் அவருக்கு அவசரம் கிடையாது.

2012க்குப் பிறகு ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியர் யாரும் இல்லை. 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப்பந்தயம் நடந்தது. அதில் ஓட்டிய பையன்களில் யாராவது மேலே போகலாம். போனால் அவர்களும் முதலில் ஒரு மோசமான காரில்தான் உட்காரவேண்டியிருக்கும், நல்ல கார் யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். பத்தாவது பந்தயத்தில் அவர்கள் கடைசியாக வருவார்கள். அன்று இரவு நம் போனில் வரப்போகிற மீம்களை நினைத்துப் பார்க்கிறேன். அனுப்புவதற்கு முன் அந்தக் கார் அந்தப் பையனிடம் எப்போது வந்தது, எத்தனை சுற்று ஓட்டக் கொடுத்தார்கள் என்று ஒரு நிமிஷம் தேடிப் பார்க்கலாம். எல்லா விவரமும் நெட்டிலேயே கிடைக்கிறது.